கேக்கில் ஏறிய விண்மீன் மண்டலம்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவருக்கு வானப் பைத்தியம் பிடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியிலிருந்து தெரிவது கொஞ்சம் கடலும், எதிர்வீட்டு உடுப்புக் கொடியும்தான். அதனால் கணினியில்தான் வானம் பார்ப்பார். தென்வானத்து விண்மீன் மண்டலம் ஒன்றின்மீது அவருக்குத் தனிப் பிரியம். நடுவே நட்சத்திரங்களாலான நேர்ப்பட்டை. அதன் இரு நுனிகளிலிருந்தும் வளைந்து செல்லும் இரண்டு கைகள். சோறு போடும்போதும் அதே கதைதான்.

அவருடைய பிறந்தநாளுக்கு அதையே கேக்காகச் செய்விக்க நினைத்தேன். எங்கள் ஒழுங்கையில் கேக் செய்து விற்கும் பிள்ளைக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் எடுத்தாள்.

"அக்கா, படம் திறபடுதில்லை. வாயால சொல்லுங்கோவன்."

"கருநீல ஐசிங். சுத்திவர நட்சத்திரம். நடுவில ஒரு பட்டை. அதின்ர ரெண்டு பக்கத்தாலயும் கை வளைஞ்சு வரோணும்."

"கை மெல்லிசோ, மொத்தமோ?"

"மெல்லிசா, வடிவா."

"விளங்கிட்டுது அக்கா."

பிறந்தநாளன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து என் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தேன். கருநீலத்தில் நட்சத்திரங்கள் மின்னின. நடுவில் ஓர் இடுப்புப் பட்டை, பொன்னிறக் கொளுவியோடு. அதன் இருபுறமும் இரண்டு பெண் கைகள், முழங்கையில் மடிந்து, சிவப்பு நகப்பூச்சும் வளையல்களுமாக.

"அத்தான், டான்ஸ் பழகுறீங்களோ?" என்றாள் தங்கை.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொன்னனீர்?"

"நீங்கள் சொல்லுறதைத்தான் சொன்னனான். பட்டை, கை."

அவர் மேசையைச் சுற்றி நடந்து, குனிந்து, நிமிர்ந்து, கணினிப் படத்தோடு ஒப்பிட்டார். "ரெண்டு கையும் ஒரே திசையிலதான் வளையுது. சுழற்சி சரி," என்றார் பெருமையோடு. "ஆனா இந்த வளையல்?"

"அது சனிக்கிரகத்தின்ரயா இருக்கும் அண்ணை," என்றார் தங்கையின் கணவர்.

"சனி இஞ்ச எப்பிடி வரும்? அது எங்கட மண்டலத்தில எல்லோ இருக்கு!"

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கேக் பிள்ளை போன் எடுத்து, "கை சரியோ அக்கா?" என்று கேட்டாள். கணவர் போனை வாங்கி, பட்டை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கினார்.

நாங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் கத்தியை எடுத்தோம். அவர் கதைத்து முடித்து வந்தபோது ஒரு முழங்கைதான் மிச்சம். அதை நின்றபடியே சாப்பிட்டார்.