மரியாதை கெடாமல் மங்கலத்திலிருந்து கோவைக்கு

அருவி, மலை என்று எழுதி வந்த இந்தப் பக்கத்தில் இம்முறை ஓர் ஆஸ்பத்திரிப் பயணம். என் தங்கை வீட்டுக்காரர் மங்கலத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். எடை நூற்றிருபது கிலோ. இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டும் அடங்கவில்லை. இப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், போன மாதம் ஒரு வியாழக்கிழமை துணைக்கு நானும் கிளம்பினேன்.

சோமனூர், கருமத்தம்பட்டி வழியாகக் கோவை சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் கம்பெனி வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். சோமனூர் வருவதற்குள் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். குறட்டையில் கார் அதிர்ந்தது. வாடகைக் கார் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "குடுத்து வெச்சவருங்க, நல்ல தூக்கமுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பருத்தால் உடம்பு தேறிவிட்டது, குறட்டை விட்டால் நிம்மதியான தூக்கம். எங்கள் ஊர்க்காரர்களைத் திருத்தவே முடியாது.

கோவை ஆஸ்பத்திரியில், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று டாக்டர் கேட்டார். போன தடவை இதே கேள்விக்குத் தங்கை, "அதெல்லாம் இல்லீங்க" என்றிருக்கிறாள். இப்போதும் கணவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வெளியே போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"நின்னுருதுங்க. தோளைத் தட்டுனாத்தான் மறுக்கா இழுப்பாருங்க. அதுக்காவ நானு முழிச்சே கெடப்பனுங்க."

முன்பே ஏன் சொல்லவில்லை என்றார் டாக்டர்.

"அவரை வெச்சுட்டு அவருக்கு ஒரு கொறைன்னு எப்படீங்க சொல்றது?"

டாக்டர் எரிச்சலை அடக்கிக்கொண்டு விளக்கினார். கழுத்துக் கொழுப்பு அழுத்தித் தொண்டை மூடுகிறது. மூச்சு நின்று ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைய, இதயம் ஒவ்வொரு தடவையும் திணறுகிறது. நாளடைவில் அதன் மேலறைகள் விரிந்து, துடிப்பை நடத்தும் மின்சாரம் வழி தவறிப்போகிறது. தூக்கப் பரிசோதனை செய்து, அதன்படி முகமூடி மாட்டிக் காற்றுத் தரும் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும், எடையும் இறங்க வேண்டும். வெறும் மாத்திரை போதாது.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும் டாக்டர் அவரிடமும் இதையே சொல்ல, தங்கை சொல்லிவிட்ட விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பும்போது மங்கலம் வரைக்கும் அவர் தூங்கவில்லை, தங்கைக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்காகக் கோவை போகிறவர்கள் பழைய இ.சி.ஜி. தாள்களை எடுத்துப் போங்கள். நோயாளியைக் கார் ஓட்ட விடாதீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கட்டாயம் அழைத்துப் போய், டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். ஊரார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அன்று ராத்திரி மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாராம். அந்தத் தோளைத் தட்டிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன் என்று மறுநாள் தங்கை சொன்னாள்.