நகராமல் நின்ற கப்பல்

நடுக்கடலில் ஒரு கப்பல் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?

கடலூர் முதுநகர் ஆளைக் கேட்டால் யோசிக்கவே மாட்டான். "ஆழமான எடம், நங்கூரம் போட்டு நிக்குது" என்பான். எங்கள் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வர முடியாது. தூரத்திலேயே நிற்கும், கரையிலிருந்து பார்த்தால் சோப்பு டப்பா சைஸ். படகுகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கப்பல் நிற்கிறதா, அப்படியென்றால் பயப்படாமல் போகலாம். எங்களுக்கு இது கண்ணால் பார்த்தே ஊறிப்போன விஷயம்.

இதுதான் என் மாமாவைச் சாகடித்தது. கொஞ்ச நாளைக்கு.

மாமா, அம்மாவின் தம்பி. அந்தப் படகுகளில்தான் வேலை பார்த்தார். சுனாமிக்குப் பிறகு இங்கே பிழைப்பு சரியில்லை என்று தூத்துக்குடிக்குப் போய், தீவுகளுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகும் மரத்தோணியில் சேர்ந்தார். நான் அப்போது சிதம்பரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஒருநாள் தோணி முதலாளி போன் செய்தார்: உடைந்த பலகைகள் கடலில் மிதக்கின்றன, ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை.

அத்தை நம்பவில்லை. "ஒடம்பக் காட்டுங்க, அப்பறம் அழுவுறேன்" என்றாள். பங்காளிகள் விடுவார்களா? போட்டோவுக்கு மாலை போட்டுக் கருமாதி செய்துவிட்டார்கள். தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். அத்தைக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் ஜாஸ்தி. 'க்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். எனக்கு அதன் பிறகு பாலே இறங்கவில்லை.

பரீட்சைக்காக சிதம்பரம் திரும்பிவிட்டேன். கீழ வீதியில் நண்பனோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது ஏதோ புது நம்பரிலிருந்து கால்.

"மாப்ள, நான்தான்டா. ஒங்கத்தைக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறா."

"யாருங்க?"

"ஒங்க மாமன்டா! கொரலு மறந்துபோச்சா?"

கையிலிருந்த பஜ்ஜி எங்கே போனது என்று தெரியவில்லை. "மச்சான், என்னடா மூஞ்சி வெளுத்துப்போச்சி?" என்றான் நண்பன்.

"செத்தவரு பேசறாருடா."

"அங்கல்லாம் டவர் கெடைக்குதா?"

அவனை அறையக்கூடக் கை வரவில்லை. போனில் ஒரு வழியாகச் சொன்னேன்: "மாமா, ஒங்களுக்குக் கருமாதி முடிஞ்சிபோச்சி."

"சாப்பாடு நல்லா போட்டாங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அப்ப அவ தாலி?"



ஊர் வந்து சேர்ந்ததும் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கதையைச் சொன்னார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"இன்ஜின் மக்கர் பண்ணுது. நங்கூரம் போட எடம் தேடறோம். தூரத்துல தீவாண்ட ஒரு கப்பல் நிக்குது. 'அது பக்கத்துல விடுங்க, ஆழம் இருக்கும், நான் கடலூர்க்காரன், எனக்குத் தெரியாதா'ன்னு நான்தான் சொன்னேன். கிட்ட போனா அதுல ஆளே இல்ல. ஒரே துரு. பக்கவாட்டுல இம்மாம்பெரிய ஓட்ட, மேல செடி மொளச்சிருக்கு. என்னிக்கோ பவளப்பாறையில ஏறி ஒக்காந்த கப்பல்டா அது! திருப்புங்கன்னு கத்தறதுக்குள்ள எங்க அடியிலயும் கர்ர்ருனு கிழிக்குது."

எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஆள் இல்லாத தீவு. இளநீர், மிதந்து வந்த வெங்காயம், இவ்வளவுதான் சாப்பாடு. பக்கத்துத் தீவிலிருந்து மீன் பிடிக்க வந்தவர்கள்தான் கண்டுபிடித்துக் கூட்டிப்போனார்களாம். அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கப்பல் அங்கேதான் நிற்கிறதாம். அதைப் பார்த்து நம்பி வந்து உடைந்ததில் மாமாவின் தோணி மூன்றாவது.

செத்த கப்பல் ஒன்று நின்ற இடத்திலேயே நின்று ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது! இதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

மாமா மஞ்சள் கயிறு வாங்கி வந்திருந்தார். "இன்னொரு கல்யாண சாப்பாடு டோய்" என்று அதே பங்காளிகள் கிளம்பிவிட்டார்கள். அத்தை அசையவில்லை.

"கடலுக்குப் போவ மாட்டன்னு சொல்லு, கட்டிக்கிறேன்."

"வேற என்னாடி வேல தெரியும் எனக்கு?"

"அப்ப கயித்த ஆணியில மாட்டு. இன்னொரு தரம் அந்தக் கிண்ணத்துக்குக் கழுத்த நீட்ட என்னால ஆவாது."

மாமா எழுந்து சாமி படத்துப் பக்கத்து ஆணியில் கயிற்றை மாட்டினார். குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். காடாம்புலியூரில் முந்திரி மூட்டை தூக்கினார். ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் அந்த ஆணியைப் பார்ப்பார். அத்தை சோறு போடுவாள், அவளும் பார்ப்பாள்.

இன்றைக்குக் காலையில் மாமா தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டார். கயிறு ஆணியில்தான் தொங்குகிறது.