பின்னால் பார்த்துப் போன பிள்ளை

“கொழந்தைய மடியில வெச்சுக்கறோம். நீங்க வண்டிய எடுங்க,” என்றார் என் கணவர் கதிர்.

“சீட்டுல போடாம வண்டி நகராதுங்ண்ணா,” என்றாள் மஞ்சுளா.

திருச்செங்கோட்டு மருத்துவமனை வாசலில், பிறந்து சில நாளே ஆன மகளுடன் நான் நின்றிருந்தேன். வாடகைக்கு மஞ்சுளாவே ஓட்டும் கார் அது. பின்னிருக்கையில், பின்புறம் பார்த்தபடி குழந்தைக்கான சின்ன இருக்கை பொருத்தியிருந்தாள்.

“மொதமொதல்ல ஊட்டுக்கு வர்ற புள்ள. பின்னால பாத்துட்டா வரும்?”

“முன்னால பாத்து வண்டியா ஓட்டப் போவுது? கழுத்து நிக்காத புள்ளைங்ண்ணா. பிரேக் அடிச்சா முதுகுப் பக்கம் சீட்டு தாங்கிக்கும்.”

“அதுக்குன்னு கட்டிப் போடறதா?”

“உங்க சட்டையெல்லாம் கல்லுமாவு. ரிக் வண்டிதானுங்க? ராடைக் கட்டாம லாரிய எடுப்பீங்களா?”

கதிர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியின் மேனேஜர். குனிந்து, லாரியில் துளையிடும் ராடுகளைச் சோதிப்பதுபோல இருக்கையைப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது.

“இப்பிடிக் கட்டுனா எங்க லாரி பக்கத்துல இருக்கற சங்ககிரியே தாண்டாதுங்க.”

முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்கினார். மஞ்சுளாவும் ஆட்டிப் பார்த்தாள். இப்போது அசையவில்லை. “இத்தன நாளு லொடலொடன்னுதான் கூட்டிட்டுப் போயிருக்கறேன்,” என்றாள் மெதுவாக. மகளை நான் அதில் கிடத்தினேன். வழியெல்லாம் தூங்கினாள்.

அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் மஞ்சுளாவைத்தான் அழைத்தோம். அவள் கணவரும் ரிக்கில்தான். மாதக்கணக்கில் வடக்கே இருப்பார். எங்களைச் சந்திப்பதற்கு முன்பு ஒருநாள், நாய் குறுக்கே ஓட, அவள் பிரேக் போட்டதில் ஒரு தாயின் மடியிலிருந்த குழந்தை நழுவிக் கீழே விழுந்தது. அடி படவில்லை. ஆனால் அன்று அவளால் மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை. அடுத்த வாரமே அந்த இருக்கையை வாங்கிவிட்டாள். கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் ‘தொட்டில் வண்டி’ என்று கேலி செய்தார்கள். சில குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு வண்டி பிடித்தன. இப்போது அந்தப் பெயரைச் சொல்லியே பிரசவமான பெண்கள் அவளைத் தேடுகிறார்கள்.

நான் ஓட்டுநர் உரிமம் வாங்கிய சமயம், அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் சாவியை என்னிடம் நீட்டி ஓட்டச் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“என்னையும் புள்ளையையும் ஆசுபத்திரியிலிருந்து நீங்கதான் கூட்டிட்டு வரோணும், அம்மிணி. புள்ள அழுதா எனக்கு மனசு தாங்காது, மடியில எடுத்துக்கறேன்னு கெஞ்சுவேன். வண்டிய ஓரமா நிறுத்தாம புள்ளைய எடுக்க உட்டுராதீங்க.”