கல்லுச் சேலை ஓடும் என்று சொன்னேன்

பளிங்குக் கல் மாதிரி ரேகை ஓடுகிற டிசைன் சேலை வரும், ஓடும் என்று நான் சொன்னபோது கடையில் யாரும் நம்பவில்லை. அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். லோபாக்கில் இருக்கிற எங்கள் ஜவுளிக்கடைக்கு வருஷா வருஷம் கடல் தாண்டி சூரத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவது அவர். எடுத்து வந்ததைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்துக் கை ஓய்வது நான்.

எனக்கு எங்கே தெரிந்தது என்றால், ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய செண்டாயானில். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளை விட்டு வந்த எங்கள் ஆட்கள் அங்கே புதுவீடு வாங்கிக்கொண்டிருந்த நேரம். கிரகப்பிரவேசத்துக்குப் போனால், சாமி அறையைக் காட்டுவதற்கு முன்னாலேயே சமையல்கட்டுக்கு இழுத்துப் போவார்கள். அடுப்பு மேடைக் கல்லைத் தடவித் தடவி, "இந்த ரேகையப் பாருங்கக்கா, இதுக்காக எத்தன கடை ஏறி எறங்குனேன் தெரியுமா" என்பார்கள். சிமெண்டுத் தரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல் என்னவென்று எனக்குத் தெரியும், நானும் அந்தத் தரையில் வளர்ந்தவள்தானே. வீட்டில் இவ்வளவு ஆசையாக வைக்கிறவள், உடம்பில் உடுத்த மாட்டாளா? அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அந்த வருஷம் அண்ணனுக்கு முட்டியில் ஆபரேஷன். சூரத் பயணம் நின்றுபோனது. போனில் வீடியோ பார்த்து நானே ஆர்டர் கொடுத்தேன். சாம்பல், பச்சை, செங்கல் நிறம், கருநீலம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தங்க ரேகை ஓடுகிற பளிங்கு டிசைன். தீபாவளிச் சரக்கில் பாதி அதுதான். பெட்டியைப் பிரித்ததும் அண்ணன் சாம்பல் சேலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது தீபாவளிக்கா, கருமாதிக்கா?"

"ஓடும்ண்ணே."

"ஓடலன்னா இனிமே சரக்கு எடுக்கற விஷயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

வாயைத் திறக்காமல் நான் எப்படி உயிர் வாழ்வது?

எனக்குச் சாம்பல்தான் பிடித்திருந்தது. அதையே வாசல் பொம்மைக்குக் கட்டிவிட்டேன். நல்ல நாளுக்கு நம் ஆட்கள் சாம்பல் நிறத்தைத் தொடுவார்களா? வந்தார்கள், தடவினார்கள், "அழகாத்தான் இருக்கு, ஆனா பெருநாளாச்சே லா" என்று மயில்கழுத்து நிறத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் தள்ளுபடி அட்டை எழுத மார்க்கர் பேனா தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் தம்பின் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாமியார், இரண்டு மருமகள்கள், ஒரு மகள். தீபாவளிக்கு வீடு முழுக்க ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுப்பது இப்போது எங்களிடம் வழக்கம். அந்த நிறத்துக்காகச் சண்டை போடுவதும் வழக்கம்தான். மூத்த மருமகளுக்குப் பச்சை வேண்டும். "பச்ச கட்டுனா நான் கறுப்பாத் தெரிவேன்" என்றாள் இளையவள். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒவ்வொரு வருசமும் இதே கூத்துதான் லா" என்று மாமியார் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

எனக்குப் பொறி தட்டியது. நாலு நிறத்தையும் எடுத்து மேசையில் விரித்தேன். "ஆளுக்கொரு கலர் கட்டுங்க. ரேகை ஒண்ணுதான். படத்துல பாத்தா ஒரே குடும்பம்னு தெரியும்."

மகள்தான் முதலில் எழுந்து வந்து கருநீலத்தைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். மருமகள்கள் பச்சைக்கும் செங்கல் நிறத்துக்கும் பாய்ந்தார்கள். மிச்சமிருந்த சாம்பலை மாமியார் கையில் எடுத்தார். "செண்டாயான்ல மவன் வாங்குன வீட்டுல இதே கல்லுதான்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர்கள் கடையிலேயே தோளில் போட்டு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போனது. மறுவாரம் ஓரகத்திகளும் நாத்தனார்களும் போனைக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பொம்மைக்குக் கட்டியிருந்ததையும் அவிழ்த்துக் கொடுத்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை இருக்கோ இல்லையோ, அண்ணன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

தீபாவளி முடிந்து கடை திறந்த அன்று, அவர் போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒன் பாஸ்போர்ட்டக் கொண்டா. சூரத்துக்கு டிக்கெட் போடணும்."

"நம்ம ரெண்டு பேருக்குமா?"

"நான் எதுக்கு? நீ போய் எடுத்துட்டு வா."

இத்தனை வயதுக்கு என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. மறுநாள் காலையில், பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கிற இமிகிரேஷன் ஆபீஸ் கதவு திறக்கும்போது, முதல் ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன்.