மழுங்கிய பிட்டும் என் மனைவியின் காதும்

என் மனைவிக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை, இரும்பில் ஓட்டை போடுவது. அதே கம்பெனி வாசலில் நான் காவல்காரன். யாராவது கேட்டால், "உள்ளே ஓட்டை போடுறா" என்பேன். அவளுக்குப் பொறுக்காது. "ஓட்டை தானா விழும். நான் போடுறது துளை" என்பாள்.

மூன்று வருடமாக வீட்டில் நான் கூப்பிட்டால் பதில் வருவதில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன். ஊரெல்லாம் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு ட்ரில் பிட்டை உடைத்துவிட்டாள். பிட் மழுங்கினால் கிறீச்சென்று கத்தும். உடனே எடுத்துச் சாணை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடைந்துவிடும். பத்தடி தள்ளி நின்ற சூப்பர்வைசருக்குக் கேட்டது, இவளுக்குக் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. காது போயிருந்தா பேக்கிங்குக்கு மாத்திடலாம்" என்றார்.

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. வீட்டுக்கு வந்தவள் கம்பெனியில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அட பாவமே, காது கேட்காதவளையா திமிர் பிடித்தவள் என்றேன்!

மறுநாள் அவளே சூப்பர்வைசரிடம் போனாள். "இத்தனை நாளா சத்தத்தையே நம்பிட்டேன் சார். என் காதை அடைச்சிடுங்க. நல்ல பிட்டோட மழுங்கினதையும் கலந்து குடுங்க."

காதில் பஞ்சு, அதற்கு மேல் காதுமூடி. வாசலை அம்போவென்று விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். கைப்பிடியை இறக்கினாள். முதல் மூன்று பிட்டிலும் இரும்பு நீளச் சுருளாக வந்தது. நான்காவதில் தூள்தூளாகக் கொட்டியது. சட்டென்று பிட்டைத் தூக்கிவிட்டாள்.

"கை கனக்குது. இது ஆகாது."

அதேதான் மழுங்கியது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "மெஷின்லயே இருங்கம்மா. டாக்டரை மட்டும் பார்த்துட்டு வந்துடுங்க."

டாக்டரம்மா அவள் காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தார். பிறகு என்னிடம், "கீச்சுச் சத்தம் மட்டும்தான் கேக்கல. விசில், பறவை, அந்த மாதிரி" என்றார்.

"என் குரலும்தான் டாக்டர்! மூணு வருஷமா பாவம், ஒண்ணுமே கேக்கல இவளுக்கு." என்றேன்.

"உங்களுக்குத் தடிச்ச குரலாச்சே. அது நல்லாவே கேக்கும்."

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சுவரில் இருந்த காது படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. பதில் சொல்ற மாதிரி எதுவும் இல்ல."