கைமாறிய பட்டை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முப்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோள் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் மேலே போக மறுத்தது.

பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, மேல்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று இரண்டு பட்டைகள் கொடுத்தார். கை எத்தனை தடவை, எவ்வளவு உயரம் போகிறது என்பதெல்லாம் ஒயர் இல்லாமலே அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடுமாம். தினம் நூறு தடவை தூக்கினால்தான் மறுபடி பிரஷ் பிடிக்கலாம். முதல் நாள் பன்னிரண்டாவது தடவையிலேயே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பட்டைகளைக் கழற்றிச் சுவரில் வீசினேன். வாய்ச்சவடாலுக்கு மட்டும் என்னிடம் குறைச்சலே இல்லை.

என் மனைவிக்குச் சலவைக்கடையில் வேலை. நாள் முழுக்க ஈரப் போர்வைகளை உயரக் கொடியில் போடுவாள்.

"நீதான் எப்படியும் கையைத் தூக்குறியே, நீயே கட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

முறைத்தாள். பிறகு கையை நீட்டினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நானே கட்டிவிட்டேன். டாக்டரம்மா போனில் பாராட்டியபோது கூச்சநாச்சமில்லாமல் நன்றியும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட தெம்பு!

ஆறாவது வாரம் வரச் சொன்னார். துணைக்கு அவளும் வந்தாள். டாக்டரம்மா திரையில் கோடுகளைக் காட்டினார்.

"ஆரம்பத்துல கை தலைக்கு மேல போச்சு. பத்து நாளா தோளையே தாண்டல. ரொம்ப வலிச்சிருக்குமே, ஏன் சொல்லல?"

திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் பையை இடது கையில் வைத்திருந்தாள். அன்று காலை தலை வாரியதும் இடது கையால்தான். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், பாவி.

"அது என் கை இல்ல, டாக்டரம்மா" என்றேன். மானம் கப்பலேறியது.

அவர் என்னைத் திட்டவில்லை. அவளைக் கையைத் தூக்கச் சொன்னார். பாதியிலேயே நின்றுவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததுபோல.

"நூறு வரலைன்னா உங்களைத் திட்டுவாங்களேன்னுதான்" என்றாள்.

அவளுக்கும் ஒரு ஜோடி பட்டை கொடுத்தார்கள். இப்போது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கை தூக்குகிறோம். அவளுக்கு நான்தான் கட்டிவிடுகிறேன். கட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை.