மார்கழியில் பூசிய சுவர்: கலோவிலிருந்து ரங்கூன் வரை

பர்மா மலையூரான கலோவில் இருக்கும் என் தங்கை மீனாட்சியின் வீட்டு வடக்குச் சுவரை, ரங்கூனிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் மார்கழி மாதத்தில் சிமென்ட் பூசிக் கெடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பெயின்ட் அடிக்க வந்தபோது பூச்சு மாவாக உதிர்வதைப் பார்த்தார். பார்த்தும், மேலே மெல்லிசாக இன்னொரு பூச்சு இழுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மூடிவிட்டுப் போனார். மழைக்காலத்தில் அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்துப் படுத்து என் தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆடியில் அவள் மகன் குமார் வந்து அவளை ரங்கூனுக்குக் கூட்டிப் போனான். பிறந்த ஊரைவிட்டு, அங்கே பபேடான் பகுதியில் மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவள் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். நடந்த அநியாயம் இதுதான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸைப் பற்றியும் வண்டி வாடகையைப் பற்றியும் சொல்வேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் குமார் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். அம்மாவால இனி அங்க இருக்க முடியாது" என்றான். சுவர் செத்தால் வீடு செத்தது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மழை விட்டதும் சுவரை உரித்து, பனி இறங்குவதற்குள் சரியாகப் பூசிவிட்டால் அவள் தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது என் கணக்கு. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை சுவரைத் தொட முடியாது. அதுவரை அவன் வீட்டை விற்காமல் இருக்க மாட்டான். மறுநாளே கிளம்பினேன்.

நான் கொத்தனார் இல்லை. ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். தௌஞ்சியில் என் வீட்டுச் சுவர்களை நானே உரித்து, நானே பூசி, அது விழுந்து, மறுபடி பூசிக் கற்றுக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். கொடைக்கானலிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் இதைப் படிக்கிற சிலருக்கு இதே சுவர், இதே பனி, இதே தலைவலி இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தௌஞ்சியிலிருந்து கலோ நாற்பத்து மூன்று மைல். பங்கு வண்டியில் ஓர் ஆளுக்குப் பதினைந்தாயிரம் கியாட் வாங்கினார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கோஸ் மூட்டைகளோடு உட்கார்ந்தால் முட்டி போய்விடும்.

கலோவில் அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். அந்த வீடு பழைய ரயில்வே காலத்துச் செங்கல் கட்டடம். செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து, வெளியே சுண்ணாம்புக் காரை. இப்படிப்பட்ட சுவர் மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். எங்கள் காலமெல்லாம் அப்படித்தான் நின்றது. போன பெரிய நிலநடுக்கத்தில் காரையில் வெடிப்பு விட்டது, சுவர் நின்றது. வெடித்த இடத்தை மட்டும் வெட்டி அடைத்திருந்தால் போதும். இவர்கள் காரை முழுவதையும் கொத்தி எறிந்துவிட்டு, கல் மாதிரி கெட்டியான சிமென்ட்டைப் பூசியிருக்கிறார்கள்.

விரல் கணுவால் தட்டினேன். ஆளுயரத்துக்குக் கீழே எங்கும் பொள்ளென்று சத்தம். பெயின்ட் கொப்பளித்து வயிறாகத் தொங்கியது. ஒரு கொப்பளத்தைக் கிழித்ததும் உள்ளே நின்ற தண்ணீர் என் முழங்கைவரை ஓடியது. சாவியால் கீறினேன், பூச்சு சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. புதுப்பூச்சில் தண்ணீர் இருக்கும்போதே பனி உறைந்தால்தான் இப்படி ஆகும். உறைந்த தண்ணீர் உப்பி, பிடிப்பு வருவதற்கு முன்பே பூச்சை உள்ளுக்குள் நொறுக்கிவிடும். வெளியே பார்த்தால் சுவர் முழுசாக இருப்பது போலவே தெரியும்.

சுவரோரம் மீனாவின் நீல வாளியும் ஒரு தகரக் குவளையும் கவிழ்ந்து கிடந்தன. வேலைக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, திட்டிக்கொண்டே உள்ளே எடுத்து வைத்தேன். உள்ளங்கை அளவு ஒரு பூச்சுத் துண்டைப் பெயர்த்து, துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒப்பந்தக்காரரின் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும் அல்லவா.

கலோவிலிருந்து ரங்கூனுக்கு ஏறத்தாழ முந்நூற்று எழுபது மைல். நான் பகல் பஸ்ஸில் போனேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பியது, எழுபத்தைந்தாயிரம் கியாட். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏற வேண்டும். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவடியில் இளைஞன் ஒருவன் என் பையைத் துழாவி அந்தத் துண்டை எடுத்தான்.

"அபோ, இது என்ன?" என்று பர்மியத்தில் கேட்டான். தாத்தா என்று அர்த்தம்.

"சுவர்" என்றேன்.

"சுவரை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"அதைச் செய்தவருக்குத் திருப்பிக் கொடுக்க."

அவன் சிரித்தான். பின்னால் நின்ற பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருட்டும் நேரத்துக்கு ஆங் மிங்கலா பஸ் நிலையம். அங்கிருந்து பபேடானுக்கு டாக்சிக்காரர் முப்பதாயிரம் கேட்டார், இருபத்தைந்துக்கு வந்தார். மழை கொட்டியது. யாங்கூன் என்று எழுதச் சொல்லி என் பேத்தி சொல்கிறாள். நான் ரங்கூன் என்றுதான் எழுதுவேன். அந்த ஊரின் சுவர்களைப் பாருங்கள், எல்லாம் கறுத்துப் பாசி பிடித்திருக்கும். அங்கே சுவருக்கு எதிரி மழை ஒன்றுதான். ஆகவே கெட்டியாகப் பூசு, வழவழப்பாகத் தேய், பெயின்ட்டால் மூடு என்பது அவர்கள் வழக்கம். மார்கழியில் மழை இல்லாததால் அதுதான் அவர்களுக்குப் பூச்சு வேலைக்கு நல்ல மாதம். எங்கள் மலையில் அதுதான் ஆகாத மாதம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

குமாரின் கட்டடத்து வாசலில் நின்று குரல் கொடுத்தேன். பபேடானில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். நுனியில் கவ்வியும் பையும் இருக்கும், காய்கறியோ பேப்பரோ அதில்தான் ஏறும். ஐந்தாம் மாடிக் கயிற்றில் சாவி இறங்கி வந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த கை மீனாவுடையது. எலும்பாக இருந்தது.

"மூச்சு வாங்குதாண்ணே? ஒவ்வொரு மாடியிலயும் நின்னு வாங்க" என்று மேலிருந்து கத்தினாள். கத்தி முடித்ததும் இருமினாள். நான் கடைசி மாடி ஏறி முடிக்கும்வரை அந்த இருமல் நிற்கவில்லை. வந்து இரண்டு மாதமாகிறது, ஒரு முறைகூட அவள் கீழே இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லைங் தாயா தையல் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் குமாருக்கு அன்றுதான் ஓய்வு. அவனை விட்டே ஒப்பந்தக்காரரை வரவழைத்தேன். ராஜு என்று பெயர், நம் ஆள்தான். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'ஊ' சேர்த்து எல்லோரும் ஊ ராஜு என்பார்கள். மனிதர் ஐந்து மாடி ஏறி, வியர்த்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மீனா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். நான் பூச்சுத் துண்டை அவர் குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பெரியவரே, நாப்பது வருஷமாப் பூசுறேன். இந்தத் தெருவுல பாதி வீடு என் கைதான்" என்றார்.

"இந்தத் தெருவுல பனி உறையுதா?"

"மாமா, மெதுவா" என்றான் குமார்.

"மெதுவாப் பேசத்தான் முந்நூத்தி எழுபது மைல் வந்தேனா? ஊ ராஜு, தண்ணி எப்ப விடச் சொன்னீங்க?"

"காலையில ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா. பத்து நாளைக்கு. எல்லா வீட்டுக்கும் அப்படித்தானே? புதுச் சிமென்ட்டு தண்ணி கேக்கும்ல."

"மார்கழியில, கலோவுல, பொழுதுபட! ராத்திரி அது ஐஸாப் போகும்னு தெரியாதா? அந்தச் சாயங்காலத் தண்ணிய ஊத்தினவன்தான்யா சுவரைக் கொன்னவன். அவன் கையில குவளையே குடுத்திருக்கக் கூடாது."

ஊ ராஜு தேநீர்க் குவளையைக் கையில் எடுத்தார். "நாங்க பூசி முடிச்ச அன்னைக்கே பஸ் ஏறிட்டோம் பெரியவரே" என்று மெதுவாகச் சொன்னார். "தண்ணி விடுறது வீட்டுக்காரங்க வேலை. இங்க வழக்கம் அதான்."

அப்போதுதான் எனக்கு நீல வாளி ஞாபகம் வந்தது. வாயை மூடுவதற்குள் மீனா பேசிவிட்டாள்.

"நாந்தான் ஊத்துனேன், அண்ணே."

அவள் பூச்சுத் துண்டைக் கையில் எடுத்து, சேலையில் துடைத்தாள்.

"சொன்ன மாதிரியே ரெண்டு வேளையும் ஊத்துனேன். குவளையில எட்டாத எடத்துக்கு முக்காலி போட்டு ஏறுனேன். சேலை நனைஞ்சு விறைச்சுப் போகும். ஒரு நாளும் விடல. விடியக்கால வெளிய வந்து பாத்தா சுவரு பூராப் பளபளன்னு இருக்கும், கண்ணாடிப் பொடி தூவுன மாதிரி. குமாரு புதுசாப் பூசிக் குடுத்த சுவரு எம்புட்டு அழகா இருக்குன்னு நின்னு பாப்பேன்."

குமார் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல, மீனா?" என்றேன்.

"நீங்க திட்டுவீங்கன்னுதான். சிமென்ட்டுன்னாலே உங்களுக்கு ஆகாதே."

இத்தனை மைலுக்கும் நான் மனதில் கட்டி வந்த பேச்செல்லாம் அங்கே முடிந்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. ஊற்றியது அவள் கை, சரி. ஊற்றச் சொன்ன வாய் யாருடையது? குளிர் ஊர் என்று தெரிந்தே, கேட்காமல், ரங்கூன் வழக்கத்தை அவள் தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறியவர்கள் யார்? உதிர்ந்ததைப் பார்த்த பிறகு பெயின்ட்டால் மூடியது யார்? அந்த ஈரம் சுவருக்கு மட்டும் போகவில்லை.

"நாலு ஆளை அனுப்பி வைக்கிறேன் பெரியவரே, கூலி வேணாம்" என்றார் ஊ ராஜு.

"ஆள் வேண்டாம். நீங்களே வரணும்."

"எனக்குக் குளிரு ஒத்துக்காதுங்க."

"அவளுக்கு ஒத்துக்கிச்சா?"

அவர் மீனாவைப் பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார். "வர்றேன்மா" என்று அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. பரவாயில்லை.

அவர் போனபின் மீனா கேட்டாள்: "அந்தச் சுவரு பொழைக்குமா அண்ணே?"

"பொழைக்கும். உரிச்சுக் காய விட்டா பொழைக்கும்."

"டாக்டரு இந்தக் குளிருக்கு அங்க போகவே கூடாதுங்கிறாரு. பங்குனி வரட்டும்ங்கிறாரு." கொஞ்ச நேரம் இருமினாள். "பங்குனி வரைக்கும் வித்துடாம வச்சிருப்பானான்னு கேளுங்க."

குமார் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "வச்சிருப்பேன்மா" என்றான்.

பங்குனிவரை அவள் நெஞ்சு தாங்குமா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கீழே இறங்கியதும், கயிற்றில் ஒரு பை இறங்கி வந்தது. உள்ளே நான் கொண்டுபோன பூச்சுத் துண்டு. திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னாளோ என்னவோ. அதுவும் என்னோடு கலோவுக்கு வந்தது. இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இதே வேலையாக மலையிலிருந்து ரங்கூன் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுண்ணாம்பு வாங்க அங்கே போகாதீர்கள். நல்ல சுண்ணாம்பு நம் பக்கத்துச் சூளைகளிலேயே கிடைக்கிறது. அங்கிருந்து கொத்தனாரைக் கூட்டி வருவதானால், முதலில் ஓர் இரவு வெளித் திண்ணையில் அல்ல, பூச வேண்டிய அறையிலேயே படுக்க வையுங்கள்; காலையில் அவரே கேள்வி கேட்பார். பனி இறங்குகிற மாதத்தில் சுவரைத் தொடாதீர்கள். புதுப்பூச்சை வெயில் ஏறியபின் லேசாக நனையுங்கள், பொழுது சாயும்முன் உலர்ந்துவிட வேண்டும், இரவில் சாக்குப் போட்டு மூடுங்கள். பழைய செங்கல்லுக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் கூடவே கூடாது. வெள்ளையடித்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது.

ஊ ராஜு: தடிஞ்சுட் விளக்குப் பண்டிகை முடிந்த மறுநாள் தானே கலோவுக்கு வர வேண்டும். பெயின்ட்டையும் சிமென்ட்டையும் செங்கல் தெரியும்வரை தன் கையால் உரிக்க வேண்டும். கம்பளி கொண்டு வரட்டும்.

குமார்: தரகரைக் கூப்பிட்டு, வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். கூரை ஓரத்துக்குத் தகரத் தூம்பு வாங்கி அனுப்ப வேண்டும். அம்மாவைத் தினமும் ஒரு மாடியாவது இறக்கி ஏற்ற வேண்டும்.

நான்: சுண்ணாம்பை இன்றே நீற்ற வேண்டும். கார்த்திகைக்குள் இரண்டு பூச்சும் முடிக்க வேண்டும். இரவெல்லாம் சாக்கு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர் முடியும்வரை அந்த அறையில் கணப்பு மூட்டி நானே படுத்து, சுவரில் ஈரம் இல்லை என்று அறிய வேண்டும்.

மீனாட்சி: மருந்தைக் குடிக்க வேண்டும். பங்குனியில் வர வேண்டும்.